பள்ளிக்கூடத்துப் பணம் எங்கிருந்து வந்தது?

நம் ஊர்க்காரர்கள் நாலு பேர் கூடினால் பழைய பள்ளிக்கூடப் பேச்சு வராமல் போகாது. எந்த வாத்தியார் பிரம்பை எடுத்தார், எந்த வாத்தியார் கணக்கில் புலி, மழை பெய்தால் எந்த வகுப்பு முதலில் நனையும் என்று மணிக்கணக்கில் பேசுவோம். அந்த வாத்தியாருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள், கூரைக்கு ஓலை யார் செலவில் வந்தது என்று மட்டும் பேசுவதில்லை. பணப் பேச்சென்றால் நமக்குக் கொஞ்சம் கூச்சம்.

எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது. 1974-ல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, 2010-ல் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். 36 வருடத்தில் கரும்பலகையில் எழுதியதற்குக் குறையாமல் ரொக்கப் பதிவேட்டிலும் எழுதியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு கிடைத்த நேரத்தில், இந்தப் பணம் எந்தெந்தக் கை மாறி நம்மிடம் வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகப் புரிந்தது. 200 வருடமாக இந்தப் பணம் நம் ஊரை விட்டு விலகிக்கொண்டே போயிருக்கிறது. முதலில் திண்ணையிலேயே இருந்தது. பிறகு கடலூருக்குப் போனது, அப்புறம் சென்னைக்கு, கடைசியில் ஒரு பகுதி டெல்லிக்கு. தூரம் கூடக்கூட ஏழை ஊருக்கும் பள்ளி வந்தது. கூடவே, கணக்குக் கேட்கிற ஆள் ஊரில் குறைந்துபோனார். இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

திண்ணையும் தாசில்தார் பள்ளியும்

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நம் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்போம். மணலில் எழுத்து, பனையோலைச் சுவடி, சட்டாம்பிள்ளை. இதில் அரசாங்கத்துக்கு ஒரு தம்பிடி செலவு கிடையாது. பிள்ளையை அனுப்புகிற வீடு பணமோ தானியமோ கொடுக்கும். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை மாடு மேய்க்கப் போகும்.

இந்தப் பள்ளிகள் எத்தனை இருந்தன என்று முதலில் எண்ணிப் பார்த்தவர் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ. 1822-ல் எல்லாக் கலெக்டர்களிடமும் கணக்குக் கேட்டார். நம்முடைய தென்னாற்காடு கலெக்டருக்கும் அந்தக் கடிதம் வந்தது. எல்லாக் கணக்கையும் கூட்டி 1826 மார்ச் மாதம் மன்றோ ஓர் அறிக்கை எழுதினார். மாகாணத்தின் மக்கள் தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். பள்ளிகள் 12,498. படிக்கிற பிள்ளைகள் 1,88,650. வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குச் சராசரியாக 15 பிள்ளைகள்தான்.

அந்த அறிக்கையில் வாத்தியார் வருமானமும் இருக்கிறது. பிள்ளைக்கு மாதம் 4 அணாவிலிருந்து 8 அணா வரை சம்பளம். 15 பிள்ளைகளிடம் வசூலித்தால் வாத்தியாருக்கு மாதம் 6, 7 ரூபாய்க்கு மேல் தேறாது. இந்தக் காசுக்கு நல்ல வாத்தியார் எப்படிக் கிடைப்பார் என்று மன்றோவே கேட்கிறார். அதற்கு அவர் சொன்ன வழி இது: ஒவ்வொரு ஜில்லாவிலும் மாதம் 15 ரூபாய் சம்பளத்தில் இரண்டு பெரிய பள்ளிகள், ஒவ்வொரு தாசில்தார் எல்லையிலும் மாதம் 9 ரூபாய் சம்பளத்தில் ஒரு பள்ளி. மொத்தம் 300 தாசில்தார் பள்ளிகள். புத்தகச் செலவும் சேர்த்து மாகாணம் முழுவதற்கும் வருடத்துக்கு 48,000 ரூபாய்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1813-ல் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோது, கல்விக்கென்று வருடத்துக்கு 1 லட்சம் ரூபாயாவது ஒதுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அது காகிதத்தில்தான் வெகுகாலம் இருந்தது. மன்றோதான் அதை வாத்தியார் சம்பளமாகவும் புத்தக விலையாகவும் பிரித்து ஒரு பட்ஜெட்டாகப் போட்டுக் காட்டினார். 1827-ல் காலராவில் அவர் இறந்துபோனார். தாசில்தார் பள்ளிகள் சில இடங்களில் தொடங்கி, நொண்டி நொண்டி நடந்து, 1836-ல் மூடப்பட்டன. மேல்தட்டுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தால் போதும், அது தானாகக் கீழே இறங்கும் என்ற எண்ணம் அப்போது மேலோங்கிவிட்டது. கிராமத்து வாத்தியார் மறுபடியும் திண்ணைக்கே போனார்.

மானியம் வந்த கதை

1854-ல் லண்டனிலிருந்து சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை வந்தது. அரசாங்கம் எல்லாப் பள்ளியையும் தானே நடத்த முடியாது, நடத்துகிறவர்களுக்கு உதவித்தொகை தரலாம் என்பது அதன் சாரம். மறு வருடமே சென்னையில் மானிய விதிகள் வந்தன. "எய்டெட் ஸ்கூல்" என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கு 170 வயது.

மானியம் வாங்குவது லேசான காரியமாக இல்லை. 1860-களில் தேர்ச்சிக்குத் தகுந்த மானியம் என்ற முறை வந்தது. இன்ஸ்பெக்டர் வருடத்துக்கு ஒருமுறை வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி, படிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குக் கேட்பார். தேறிய பிள்ளைக்குத் தலைக்கு இவ்வளவு என்று மானியம். தேறாத பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. வாத்தியாரின் வருடச் சோறு ஒருநாள் பரீட்சையில் இருந்தது. பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்துப் பிரம்பால் உருட்டியதற்குக் கோபம் மட்டுமே காரணமில்லை, வயிறும் ஒரு காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முறையைக் கைவிட்டார்கள்.

இதில் இன்னொரு கோணலும் இருந்தது. மானியம் வேண்டுமென்றால் முதலில் பள்ளி இருக்க வேண்டும். பள்ளி நடத்த மிஷனோ, ஜமீனோ, ஊர்ப் பெரிய மனிதரோ வேண்டும். இவர்களில் யாருமே இல்லாத ஊர் என்ன செய்யும்? நம் கள்ளக்குறிச்சி தாலுகாவில் அப்படிப்பட்ட ஊர்கள்தான் அதிகம்.

கிஸ்தி ரசீதில் ஒளிந்திருந்த பள்ளிக்கூடம்

1871-ல் சென்னை அரசாங்கம் உள்ளூர் நிதிச் சட்டம் கொண்டுவந்தது. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் இவற்றுக்காக நிலத்தின் மேல் ஒரு செஸ். ரூபாய்க்கு ஓர் அணாவுக்கு மிகாமல் வசூலிக்கலாம். 1884-ல் ரிப்பன் பிரபு காலத்து உள்ளாட்சி ஏற்பாட்டின்படி ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் வந்தன. நம் ஜில்லா போர்டு கடலூரில். ஆரம்பப் பள்ளிகளைத் தாலுகா போர்டு பார்த்துக்கொண்டது. 1934-ல் தாலுகா போர்டுகளைக் கலைத்த பிறகு எல்லாமே ஜில்லா போர்டுக்குப் போயின. "போர்டு ஸ்கூல்" என்ற பேர் இப்படி வந்ததுதான். வகுப்பறையில் கரும்பலகை இருப்பதால் அந்தப் பேர் வந்தது என்று சின்ன வயதில் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பழைய கிஸ்தி ரசீது இருந்தால் எடுத்துப் பாருங்கள். தீர்வைக்குக் கீழே செஸ் என்றும், பிற்கால ரசீதுகளில் தலவரி, தலமேல்வரி என்றும் தனியாகப் போட்டிருப்பார்கள். உங்கள் தாத்தா கர்ணத்தைத் திட்டிக்கொண்டே கட்டிய அந்தச் சில்லறையில் ஒரு பகுதி பள்ளிக்கூடத்துக்குப் போனது. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ விவசாயிகள் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நல்லது இருந்தது. பணம் ஊரிலிருந்து போனதால் ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள். எங்களிடம் செஸ் வாங்குகிறாயே, எங்கள் ஊருக்கு ஏன் பள்ளி இல்லை என்று போர்டு மெம்பரிடம் மனுக் கொடுக்க ஒரு பிடி இருந்தது.

கெட்டதும் அதே இடத்தில்தான் இருந்தது. செஸ் என்பது நிலத்தின் மதிப்பை ஒட்டியது. ஏரிப் பாசனமும் நஞ்சையும் உள்ள பகுதியில் வசூல் அதிகம். மானாவாரிப் புன்செய் உள்ள பகுதியில் குறைவு. ஆக, எந்தப் பக்கத்துக்குப் பள்ளி மிகவும் தேவையோ அந்தப் பக்கத்தில்தான் பணம் இல்லை.

இதற்கு நம் கண் முன்னாலேயே ஓர் உதாரணம் நிற்கிறது. சங்கராபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிற கல்வராயன் மலைதான் அது. அந்த மலை மூன்று ஜாகீர்களாக இருந்தது: சடையக் கவுண்டர் ஜாகீர், குரும்பக் கவுண்டர் ஜாகீர், ஆரியக் கவுண்டர் ஜாகீர். மலைவாழ் மலையாளி மக்கள் வரி கட்டியது ஜாகீர்தாரிடம். சமவெளியில் ரயத்துவாரி முறைப்படி நிலம் அளந்து, பட்டா கொடுத்து, சர்க்கார் நேராகத் தீர்வை வாங்கியது போல மலையில் நடக்கவில்லை. நாடு சுதந்திரம் அடைந்து, ஜமீன்தாரி முறையை ஒழித்து இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் அங்கே ஜாகீர் இருந்தது. 1976-ல்தான் அரசு மலையைத் தன் கைக்கு எடுத்தது. அடிவாரத்துப் பிள்ளைகள் போர்டு ஸ்கூலில் படித்து முடித்து, வாத்தியாராகவே ஆகிவிட்ட காலம் அது.

ஊர் தராததைச் சர்க்கார் தந்தது

பணம் ஊருக்குள்ளேயே இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஊரில் யார் பெரியவரோ அவர் சொன்னதுதான் சட்டம். தாலுகா போர்டு பள்ளி எல்லாருக்கும் பொது என்றுதான் அரசாணை சொன்னது. ஆனால் பள்ளி கோயில் மண்டபத்திலோ அக்கிரகாரத்திலோ ஊர்த் தெருவிலோ நடந்தால், சேரிப் பிள்ளை எப்படி உள்ளே வரும்? செஸ்ஸும் தீர்வையும் விளைந்த நிலத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகள்தான் வெளியே நின்றார்கள்.

1919-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்காகச் சென்னை அரசாங்கம் ஒரு தனி அதிகாரியை நியமித்தது. அதுவே லேபர் கமிஷனர் இலாகா ஆனது. அந்த இலாகா தன் பணத்தில் தனியாகப் பள்ளிகள் திறந்தது. "லேபர் ஸ்கூல்" என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பிறகு அது ஹரிஜன நலப் பள்ளி ஆகி, இன்று ஆதி திராவிடர் நலப் பள்ளி. பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து உட்காரவைத்த பள்ளி என்ற குறை அதற்கு உண்டு. இருந்தாலும் உள்ளூர் வரியையும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களையும் நம்பி இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியும் கிடைத்திருக்காது. பணம் தூரத்திலிருந்து வந்ததால் நடந்த முதல் பெரிய நன்மை என்று இதைத்தான் சொல்வேன்.

1920-ல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சி மன்றங்கள் விரும்பினால் கல்வி வரி போடலாம், அரசு தன் பங்கையும் சேர்க்கும் என்றது. விரும்பினால் என்ற சொல் இருக்கும் இடத்தில் வரி எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியாதா!

காமராஜர் காலத்துக் கணக்கு

நான் பள்ளியில் சேர்ந்தது 1957-ல். இந்தக் கதையில் மிகவும் நல்ல அத்தியாயத்தில் எனக்கு இடம் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

1954-ல் காமராஜர் முதலமைச்சரானார். ராஜாஜி காலத்தின் அரைநாள் படிப்புத் திட்டம் போனது. பொதுக்கல்வி இயக்குநராக நெ.து. சுந்தரவடிவேலு வந்தார். 500 பேர் உள்ள ஊருக்கு ஒரு பள்ளி என்று ஆரம்பித்து, பிறகு 300 பேர் இருந்தாலே போதும் என்று இறங்கி வந்தார்கள். ஓராசிரியர் பள்ளிகள் ஊர் ஊராக முளைத்தன. 1955-ல் எய்டெட் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநல நிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. வாத்தியார் செத்தால் குடும்பம் தெருவில் நிற்கும் என்ற நிலை அதோடு மாறத் தொடங்கியது.

1956-ல் மதிய உணவு. அதன் பணக் கணக்கு பலருக்கு மறந்துவிட்டது. முதலில் அது ஊரார் கொடையில்தான் நடந்தது. பிறகு அரசு மானியம் தர ஆரம்பித்தபோது, ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்று கணக்கு. அதில் 6 காசு அரசுடையது, 4 காசு ஊருடையது. எங்கள் பள்ளியில் அந்த 4 காசு காசாக வந்து நான் பார்த்ததில்லை. அறுவடை முடிந்ததும் களத்திலிருந்து ஒரு மூட்டை கம்போ நெல்லோ வரும். யார் வீட்டிலாவது பூசணி காய்த்தால் ஒன்று பள்ளிக்கு வரும். விறகு கொண்டுவருவது பெரிய பையன்களின் வேலை. மழை பொய்த்த வருடம் ஊர்ப் பங்கு சுருங்கும், எங்கள் தட்டிலும் அது தெரியும். 1961-க்குப் பிறகு கேர் நிறுவனத்தின் பால் பவுடரும் எண்ணெயும் வந்தது கொஞ்சம் தாங்கியது.

1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தையும் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்களைக் கூட்டி மாநாடு போடுவார்கள். பள்ளிக்கு என்னென்ன குறை என்று பட்டியல் படிப்பார்கள். ஒருவர் கடிகாரம் தருவார், ஒருவர் பெஞ்சு தருவார், ஒருவர் இடம் எழுதி வைப்பார். பெரியவர்கள் மேடையேறி, மைக்கில் பேர் சொல்லக் கேட்டு, சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். பேருக்காகக் கொடுத்தார்கள் என்று சிலர் கேலி பேசினார்கள். இருக்கட்டுமே. கொடுத்த பெஞ்சு உடைந்தால் கொடுத்தவரே வந்து ஏன் உடைந்தது என்று கேட்டார். அரசுப் பணமும் ஊர்ப் பணமும் ஒரே பானையில் கொதித்த காலம் அது. அப்புறம் அந்த அளவுக்கு அவை சேரவே இல்லை.

யூனியனிலிருந்து சென்னைக்கு

1958-ல் பஞ்சாயத்துச் சட்டம் வந்து, 1960, 61-ல் ஊராட்சி ஒன்றியங்கள் செயல்பட ஆரம்பித்தன. ஜில்லா போர்டு ஆரம்பப் பாடசாலை என்ற பலகையைக் கழற்றிவிட்டுப் பஞ்சாயத்து யூனியன் ஆரம்பப் பள்ளி என்று மாட்டினார்கள். தலவரியோடு அரசின் கல்வி மானியமும் யூனியனுக்கு வந்தது. வருமானம் குறைந்த யூனியனுக்கு மானியம் கூடுதலாகக் கிடைக்க வழி செய்தார்கள். நிலத்தை வைத்துப் பள்ளி என்ற பழைய கோணல் நிமிர ஆரம்பித்தது இங்கேதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது யூனியன் ஆசிரியராகத்தான். மாதச் சம்பளம் மானியம் வந்து சேர்வதைப் பொறுத்தது. முதல் தேதி என்பது சில மாதம் பத்தாம் தேதியாகும். அதைவிடப் பெரிய கவலை மாறுதல். உள்ளூர் அரசியலில் யாருக்காவது வேண்டாதவராகிவிட்டால், வாத்தியார் பெட்டியைக் கட்டிக்கொண்டு யூனியனின் அடுத்த கோடிக்குப் போக வேண்டும். அதே சமயம், வாத்தியார் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் யூனியன் ஆபீசுக்குச் செய்தி போய்விடும். கெடுபிடியும் கண்காணிப்பும் ஒன்றாகவே இருந்தன.

1981 ஜூன் 1-ம் தேதி முதல் யூனியன் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனோம். அன்று நாங்கள் பட்ட சந்தோஷத்தை இப்போது சொன்னால் இளைய ஆசிரியர்களுக்குப் புரியாது. சம்பளம் உறுதி. ஓய்வூதியம் உறுதி. கடன் கேட்டால் பாங்கிக்காரர் உட்காரச் சொன்னார். மறு வருடம் ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. அதில் ஊர்ப் பங்கு 4 காசு என்ற பேச்சே இல்லை. முழுச் செலவும் அரசுடையது. மழை பொய்த்தாலும் தட்டில் சோறு குறையாது. பசித்த பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் களத்து மூட்டையும் பூசணிக்காயும் அந்த வருடத்தோடு நின்றன. சர்க்கார் போடுகிறது, நாம் எதற்கு என்று ஊர் கையைக் கட்டிக்கொண்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. கேட்காத வீட்டில் யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்?

மலையேறிய பணம்

1976-ஐ மறுபடி பார்ப்போம். அந்த ஒரே வருடத்தில் இரண்டு காரியம் நடந்தது. கல்வராயன் மலை ஜாகீர் முடிவுக்கு வந்தது. டெல்லியில் 42-வது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறி, கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போனது. மலைக்காரர்களுக்கு இரண்டாவது செய்தி தெரிந்திருக்காது. 

ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் பழங்குடியினர் துணைத்திட்டம் என்று மத்திய அரசு தனியாகப் பணம் ஒதுக்கியது. கல்வராயன் மலை அதில் சேர்ந்தது. வெள்ளிமலையை மையமாக வைத்து வேலைகள் நடந்தன. மலைக் கிராமங்கள் ஒன்றுக்கொன்று தூரம். காட்டு வழியில் தினமும் நடந்து வந்து படிக்க முடியாது. அதனால் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளைப் பழங்குடியினர் நலத்துறை நடத்துகிறது. சோறு, துணி, படுக்கை, படிப்பு எல்லாம் அரசுச் செலவு. இதற்கு ஆகும் பணத்தை அந்த மலையின் நிலத்திலிருந்து வசூலிப்பது என்பது நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம்.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் ஏறிப்போய் அந்தப் பள்ளிகளை நானும் பார்த்திருக்கிறேன். குறை சொல்ல நிறைய இருந்தது. பள்ளி அங்கே இருந்தது என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

வாஷிங்டன் பணமும் சிமெண்ட் மூட்டையும்

1994-ல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. டி.பி.இ.பி. என்றால் நம் பக்கத்து ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். உலக வங்கிக் கடன். மத்திய அரசு 85 பங்கு, மாநில அரசு 15 பங்கு. பெண் கல்வி பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டில் முதல் கட்டத்தில் தர்மபுரி, திருவண்ணாமலையோடு நம் பழைய தென்னாற்காடும் சேர்ந்தது. பின்தங்கியதற்குக் கிடைத்த பரிசு என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

பள்ளிக்கு வருடம் 2,000 ரூபாய், ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் 500 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் தலைமையாசிரியர் மேலிடத்தைக் கேட்காமல் செலவு செய்யக் கிடைத்த முதல் பணம் அது. சார்ட் அட்டை, மணிச்சட்டம், நிலப்படம், முகம் பார்க்கும் கண்ணாடி, சீப்பு எல்லாம் அதில் வாங்கினேன். பிள்ளைகள் தலை வாரிக்கொண்டு வகுப்புக்குள் வந்தது அதற்குப் பிறகுதான்.

இந்தத் திட்டத்தில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. கட்டடத்தை ஒப்பந்தக்காரரிடம் விடாமல் கிராமக் கல்விக் குழுவிடம் விட்டார்கள். எங்கள் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை வந்தது. குழுவில் ஒரு பெரியவர் இருந்தார், மூன்றாம் வகுப்போடு நின்றவர். தினமும் காலையில் வந்து சிமெண்ட் மூட்டையை எண்ணுவார். கலவை போடும்போது பக்கத்தில் நின்று, எத்தனை சட்டி மணலுக்கு எத்தனை சட்டி சிமெண்ட் என்று கொத்தனாரிடம் தகராறு பண்ணுவார். சாயங்காலம் காலிச் சாக்கையும் எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். கடன் கொடுத்த வங்கி வாஷிங்டனில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அது அவர் பேத்தி உட்காரப் போகிற அறை. அந்தக் கட்டடம் இன்றும் ஒழுகவில்லை.

பணம் தூரத்திலிருந்து வந்தாலும் கண்ணும் கையும் ஊருடையதாக இருக்க முடியும் என்று நான் கண்டுகொண்டது அப்போதுதான்.

செஸ் திரும்பி வந்தது

2000-க்குப் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம். 2004-ல் மத்திய வரிகளின் மேல் 2 சதவீதம் கல்வி செஸ். 2007-ல் அது 3 ஆனது. 2018-ல் சுகாதாரத்தையும் சேர்த்து 4. 1871-ல் தீர்வை மேல் விழுந்த செஸ், 130 வருடம் கழித்து வருமான வரி மேல் வந்து உட்கார்ந்தது. வித்தியாசம் ஒன்று உண்டு. அன்று செஸ் நம் ஜில்லா போர்டுக்கு நேராக வந்தது. இன்று டெல்லிக்குப் போகிறது. செஸ் பணத்தை மற்ற வரிகளைப் போல மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்க வேண்டியதில்லை. திட்டம் மூலமாகத்தான் திரும்பி வரும். 2018 முதல் அந்தத் திட்டத்தின் பேர் சமக்ர சிக்ஷா. மத்திய அரசு 60, மாநில அரசு 40.

தூரம் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு 2024-25 ஒரு பாடம். பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்திடவில்லை. தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா நிதியை மத்திய அரசு விடுவிக்கவில்லை. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. யார் பக்கம் நியாயம் என்று டீக்கடையில் விவாதித்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது வேறு. நம் ஊர்ப் பள்ளியின் சாக்பீஸ் செலவும் சிறப்பாசிரியர் சம்பளமும் இரண்டு அரசுகளின் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டபோது, ஊரில் ஒருவருக்கும் அது தெரியவே இல்லை. 1920-ல் செஸ் உயர்ந்திருந்தால் ஊரே கூடியிருக்கும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். நம் பழைய விழுப்புரம் மாவட்டத்தில் 72 சதவீதம்தான். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிவிட்டது. ஆபீஸ்கள் பக்கத்தில் வந்துவிட்டன. அந்த 8 சதவீதத்தை எட்டிப்பிடிக்கப் பக்கத்தில் ஆபீஸ் இருந்தால் மட்டும் போதாது.

பழைய காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தீர்வை கட்டிய ஊருக்குத்தான் பள்ளி என்றால் கல்வராயன் மலைப் பிள்ளைக்கு இன்றும் பள்ளி இல்லை. ஊர் கொடுத்தால்தான் சோறு என்றால் பஞ்ச காலத்தில் பட்டினி. 2022-ல் காலை உணவுத் திட்டம் வந்து, மலைப் பகுதிப் பள்ளிகளையும் முதல் கட்டத்திலேயே சேர்த்தது சென்னைப் பணத்தால்தான் முடிந்தது. பணம் தூரத்திலிருந்தே வரட்டும். அதை எண்ணுகிற ஆள் இங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு இப்போது வழியும் இருக்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வருடந்தோறும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் உண்டு. 30 பிள்ளைகளுக்குள் இருந்தால் 10,000 ரூபாய், 1,000 பேருக்கு மேல் இருந்தால் 1 லட்சம். இடைப்பட்டவர்களுக்குப் படிப்படியாக. அதைச் செலவழிக்கும் கணக்கு பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கப்பட வேண்டும். அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. 2024 முதல் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. 60 வயதுக்கு மேல் முன்னாள் மாணவர் இல்லை என்று எந்த விதியும் சொல்லவில்லை.

குழுக் கூட்டம் எந்தத் தேதி என்று பள்ளியில் விசாரியுங்கள். போய் உட்காருங்கள். இந்த வருட மானியம் வந்ததா, எவ்வளவு வந்தது, என்ன வாங்கினார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். தலைமையாசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். மானியம் வராமல் கைக்காசு போட்டு நடத்துகிறவராக இருந்தால், கேட்க ஓர் ஆள் வந்தாரே என்று சந்தோஷப்படுவார். என் அனுபவத்தில் சொல்கிறேன்.